அம்புக்கு அஞ்சாதே, பட்டியலைத் திற!

டி.ஆர்.சி. ஓட்டினாய். திரை முழுக்கச் சிவப்பு அம்புகள். ஓரத்தில் ஒரு எண்: பிழைகள் 187. ராத்திரி பகல் பாராமல் உட்கார்ந்து அடுக்கிய சர்க்யூட் போர்டு. ஒவ்வொரு ரெசிஸ்டரையும் திருப்பித் திருப்பி வைத்து, ஒவ்வொரு டிராக்கையும் இழுத்து இழுத்து வளைத்து, "முடிஞ்சது மச்சி" என்று நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் படம் வேறு அனுப்பியாகிவிட்டது. இப்போது மென்பொருள் 187 என்கிறது.

சொல், என்ன செய்யப் போகிறாய்?

"நமக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் ராசியே இல்லை" என்று லேப்டாப்பை மூடிவிட்டுப் படுக்கப் போகிறாயா? அப்படிப் படுத்தவர்கள் ஏராளம். அவர்களில் பலர் உன்னைவிடக் கெட்டிக்காரர்கள். அந்தப் பட்டியலின் முதல் வரியைப் படிக்காமல் போனார்கள், அவ்வளவுதான்.

எழுந்து உட்கார்!

உன்னை மிரட்டுவது யார் என்று முதலில் தெரிந்துகொள். டி.ஆர்.சி., அதாவது டிசைன் ரூல் செக் என்பது வெறும் அளவெடுப்பு. ஒரு செம்புக் கோட்டின் ஓரத்திலிருந்து அடுத்த செம்புக் கோட்டின் ஓரம் வரை அளக்கும். நீ விதியில் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடும். குறைந்தால் அம்பு குத்தும். துளைக்கும் துளைக்கும் நடுவே எவ்வளவு, துளையைச் சுற்றிச் செம்பு வளையம் எவ்வளவு மிச்சம், டிராக் போதுமான அகலமா, போர்டின் விளிம்பிலிருந்து செம்பு தள்ளி நிற்கிறதா, இணைய வேண்டிய இரு முனைகள் இணையாமல் கிடக்கின்றனவா, ஒரு பாகத்தின் எல்லைக்குள் இன்னொன்று கால் நீட்டுகிறதா... எல்லாமே அளவும் ஒப்பீடும்தான். நீ எந்தக் கல்லூரி என்று அதற்குத் தெரியாது. எத்தனை அரியர் என்று கேட்காது. தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா, அப்பா என்ன வேலை, ஊர் எது, ஒன்றும் கேட்காது. நேர்முகத் தேர்வில் உன்னைக் குடைந்த எந்தக் கேள்வியையும் கேட்காத ஒரு பரிசோதகர் கிடைத்திருக்கிறார். அவரைப் பார்த்தா நடுங்குகிறாய்?

இன்னொன்று. நீ 187 தவறு செய்யவில்லை. ஐந்தாறு செய்திருப்பாய். மீதி எல்லாம் அவற்றின் எதிரொலி.

நம்ப மாட்டாயா? வா, ஒன்றை உடைத்துப் பார்ப்போம். உன் போர்டின் நடுவில் 48 கால் மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள். எல்.க்யூ.எஃப்.பி. உறை, நான்கு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டு கால். ஒரு காலின் மையத்திலிருந்து அடுத்த காலின் மையம் 0.5 மி.மீ. வழக்கமான ஃபுட்பிரிண்டில் ஒவ்வொரு பேடும் 0.3 மி.மீ. அகலம். கழித்துப் பார்: இரண்டு பேடுக்கும் நடுவே 0.2 மி.மீ. தான் இருக்கிறது. நீயோ யாரோ சொன்னார்கள் என்று, எதற்கும் இருக்கட்டும் என்று, கிளியரன்ஸ் விதியில் 0.25 போட்டு வைத்திருக்கிறாய். பக்கத்துக்குப் பதினோரு இடைவெளி, நான்கு பக்கத்துக்கு 44. அந்தச் சிப்பை போர்டில் வைத்த நொடியிலேயே, நீ ஒரு டிராக்கைக்கூட இழுக்காமலே, 44 அம்புகள் வரை குத்தி நிற்கும்! காரணம் ஒரே ஒரு எண். ஒரே ஒரு கட்டத்தில் போட்ட ஒரே ஒரு எண். அதைச் சரிசெய்தால் 44-ம் ஒரே மூச்சில் மறையும்.

இதற்குத்தான் சோர்ந்து படுக்க இருந்தாய்.

ஆகவே பட்டியலைத் திற. அம்பு அம்பாகப் போகாதே, வகை வகையாகப் பிரி. ஒரே மாதிரிச் செய்திகளைச் சேர்த்துப் பார்த்தால் வேர் எங்கே என்று தெரியும். செம்பு இடைவெளி, துளை, இணைப்பு, எல்லை மோதல் இவற்றை முதலில் எடு. சில்க்ஸ்கிரீன் எழுத்து பேடின் மேல் ஏறியிருக்கிறது என்பது போன்ற எச்சரிக்கைகள் கடைசியில் காத்திருக்கட்டும். அவை போர்டை எரிக்காது. ஒரு வரியைச் சொடுக்கினால் மென்பொருளே அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும். எது எதோடு மோதுகிறது, விதி கேட்டது எவ்வளவு, அங்கே உள்ளது எவ்வளவு, மூன்றையும் எழுதியே கொடுக்கும். வாழ்க்கையில் வேறு எங்கே உன் தவறை இவ்வளவு துல்லியமாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல், உனக்கு மட்டும் சொல்கிறார்கள்?

இப்போது ஒரு கோழைத்தனத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஓடிப் போவதைவிடக் கேவலமான கோழைத்தனம் அது.

அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொரு வகைப் பிழைக்கும் எதிரே 'பிழை', 'எச்சரிக்கை', 'கண்டுகொள்ளாதே' என்று மூன்று தேர்வு இருக்கும். எல்லாவற்றையும் 'கண்டுகொள்ளாதே' என்று தள்ளிவிடலாம். ஒரு அம்பின் மேல் வலது சொடுக்கு போட்டு விலக்கிவிடலாம். கிளியரன்ஸை 0.05 என்று போட்டுவிடலாம். அடுத்த ஓட்டத்தில் பிழை பூஜ்யம்! கெர்பர் கோப்புகளை ஜிப் செய்து, போர்டு செய்துதரும் ஃபேபுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

போர்டு கண்டுபிடிக்கும். செம்பை அரிக்கும் அமிலத்துக்கு உன் 'கண்டுகொள்ளாதே' தெரியாது. இரண்டு டிராக்குக்கு நடுவே அது புகுந்து அரிக்க இடம் வேண்டும். இடம் போதாவிட்டால் செம்பு மிச்சம் நிற்கும், ஷார்ட் ஆகும். ரீஃப்ளோ அடுப்பில் உருகும் சாலிடருக்கும் உன் விலக்குப் பட்டியல் தெரியாது. பேடுகள் நெருங்கி, நடுவில் சாலிடர் மாஸ்க் இல்லாமல் போனால், இந்தப் பேடிலிருந்து அந்தப் பேடுக்குப் பாலம் போட்டுவிடும். நீ மூடி மறைத்த ஒவ்வொரு அம்பும் பத்து நாள் கழித்து கூரியரில் வந்து உன் மேஜையில் இறங்கும். மல்டிமீட்டரை 'பீப்' சத்தத்தில் வைத்து ராத்திரி முழுக்க நீ தேடப் போவது, நீயே ஒளித்து வைத்த தவறைத்தான்.

"அப்படியென்றால் எண்ணை மாற்றவே கூடாதா? மேலே 0.25-ஐ 0.2 ஆக்கச் சொன்னீர்களே!" என்று கேட்கிறாயா? கேள்! இந்தக் கேள்வியைக் கேட்கிறவன்தான் பொறியாளன், கேட்கிறவள்தான் பொறியாளர். நீ போர்டு செய்யக் கொடுக்கப் போகும் ஃபேபின் திறன் பட்டியலைத் திறந்து பார். குறைந்த விலைக்குச் செய்துதரும் இடங்களே இன்று 6 மில், அதாவது ஏறத்தாழ 0.15 மி.மீ. இடைவெளியைச் சாதாரணமாகச் செய்கின்றன. அதைப் படித்துவிட்டு, இந்தப் பகுதியில் ஓடுவது வெறும் 3.3 வோல்ட் என்று தெரிந்துகொண்டு, 0.2 என்று நீ எழுதினால் அது பொறியியல். பட்டியலைப் பார்க்காமல் அம்பு மறைய வேண்டும் என்பதற்காக அதே 0.2-ஐ எழுதினால் அது ஏமாற்று. விசைப்பலகையில் தட்டியது ஒரே எண்தான். அதற்குக் காரணம் சொல்ல முடிகிறவருக்கே அதை மாற்ற உரிமை. அந்த உரிமையைச் சம்பாதி!

காரணம் தெரிந்துவிட்டால் பயம் எப்படிப் பறக்கிறது என்று பார். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது ஆர்.எம்.எஸ். மதிப்பு. அலையின் உச்சி சுமார் 325 வோல்ட்டைத் தொடும். போர்டு வடிவமைப்புக்கான ஐ.பி.சி. 2221 தரநிலையின் அட்டவணையில் 301 முதல் 500 வோல்ட் வரைக்கான வரியைப் பார்த்தால், மேல்தளத்தில், பூச்சு இல்லாத செம்புக்கு 2.5 மி.மீ. என்று இருக்கும். 15 வோல்ட்டுக்கு அதே அட்டவணை 0.1 மி.மீ. போதும் என்கிறது. இருபத்தைந்து மடங்கு வித்தியாசம்! மனிதக் கை படும் பக்கத்தை மின்வாரியக் கம்பியிலிருந்து பிரிக்கும் இடத்தில் பாதுகாப்புத் தரநிலைகள் இன்னும் அதிகம் கேட்கும். எனவே ஒரே போர்டில் ரிலே பக்கம் ஒரு எண், சிப் பக்கம் வேறு எண். "கிளியரன்ஸ் எவ்வளவு வைக்கணும் சார்?" என்று ஒற்றை எண்ணைத் தேடி ஊரெல்லாம் கேட்டு அலைகிறவர்களுக்கு விடை கிடைக்காதது ஏன் என்று இப்போது புரிகிறதா? எத்தனை வோல்ட், எந்த ஃபேப், யார் கை படும் இடம் என்று நீ திருப்பிக் கேட்கத் தொடங்கிய நாளில் உன் குரல் தானாக உயரும்.

பாகங்களுக்கு நடுவே விடும் இடைவெளியும் அப்படித்தான். ஒவ்வொரு ஃபுட்பிரிண்டையும் சுற்றி மெல்லிய கோட்டில் ஒரு எல்லை வரைந்திருக்கும். கோர்ட்யார்ட் என்பார்கள். கீகேட் என்ற போர்டு வடிவமைப்பு மென்பொருளின் நூலக நடைமுறைப்படி சாதாரணப் பாகத்துக்குச் சுற்றிலும் 0.25 மி.மீ., கனெக்டருக்கு 0.5, அடியில் உருண்டை உருண்டையாகச் சாலிடர் கொண்ட பி.ஜி.ஏ. சிப்புக்கு 1 மி.மீ. ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? கனெக்டரில் கேபிளைச் செருகிப் பிடுங்குவார்கள், விரல் போக வேண்டும். பி.ஜி.ஏ. கெட்டுப்போனால் சூடான காற்று அடித்துத் தூக்க வேண்டும், சுற்றியிருப்பவை சேர்ந்து கழன்றுவிடக் கூடாது. எடுத்து வைக்கும் இயந்திரத்தின் முனை இறங்க வேண்டும். சாலிடரிங் அயர்னின் நுனி நுழைய வேண்டும். மில்லிமீட்டரின் ஒவ்வொரு பத்திலொரு பங்குக்குப் பின்னாலும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"சின்ன போர்டில் எல்லாவற்றையும் திணித்துக் காட்டுவதுதானே திறமை?" இது அடுத்த மயக்கம். நெருக்கி நட்டால் கதிர் அதிகம் கிடைக்கும் என்று காலங்காலமாக நினைத்த வயல்களில்தான் திருந்திய நெல் சாகுபடி வந்து, 25 செ.மீ.க்கு ஒரு நாற்று என்று தள்ளித் தள்ளி நடச் சொல்லி, தூர் கட்டிக் காட்டியது. போர்டும் நிலம்தான். முதல் போர்டை அஞ்சல் தலை அளவுக்குக் குறுக்கி யாரையும் வியக்க வைக்க வேண்டியதில்லை. இன்னொரு பத்து மில்லிமீட்டர் எடுத்துக்கொள். குறைந்த விலைக்குப் போடும் பல ஃபேபுகளில் 100-க்கு 100 மி.மீ. வரை ஒரே கட்டணம்தான்! காசு கேட்காத இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு அம்புகளை விலைக்கு வாங்குகிறாயே, எந்த ஊர் நியாயம்?

சரி. பிரித்தாய், படித்தாய், திருத்தினாய். பட்டியல் காலியாகிவிட்டது. பிழை பூஜ்யம். துள்ளிக் குதிக்கப் போகிறாயா?

கொஞ்சம் பொறு. இந்தப் பரிசோதகருக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. இரண்டு பொருள் மிக நெருங்கினால் கத்துவார். அருகில் இருக்க வேண்டியது தூரத்தில் கிடந்தால் வாயே திறக்க மாட்டார். மைக்ரோகன்ட்ரோலரின் மின்சாரக் காலை ஒட்டி நிற்க வேண்டிய 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரை நீ போர்டின் மறுகோடியில் கொண்டுபோய் வை. டி.ஆர்.சி. பூஜ்யம் என்று சிரிக்கும். கிரிஸ்டலை ஐந்து செ.மீ. தள்ளி வை, பூஜ்யம். யு.எஸ்.பி. சாக்கெட்டின் வாயை போர்டின் உட்பக்கமாகத் திருப்பி வை, பூஜ்யம்! எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைக் கொதிக்கும் ரெகுலேட்டரின் மடியில் உட்கார வை. 10 டிகிரி சூடு ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் கணக்குப் போடும் விதி, ஆனால் கோர்ட்யார்ட் மோதாத வரை மென்பொருளுக்குக் கவலையில்லை. டிரான்சிஸ்டரின் கால் வரிசையைத் தப்பாக எடுத்த ஃபுட்பிரிண்ட்கூட எல்லா விதிக்கும் அடங்கியே நிற்கும்.

இங்கேதான் உன் இடம் இருக்கிறது. இயந்திரம் பார்க்காததைப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும். டேட்டாஷீட்டை வரி வரியாகப் படித்த கண், சூடு எங்கே கிளம்பி எங்கே போகும் என்று யோசித்த மூளை, கேபிள் எந்தப் பக்கம் வரும் என்று கற்பனை செய்த கை. "எல்லாம் மென்பொருளே செய்துவிடும், நமக்கு இனி என்ன வேலை?" என்று புலம்புகிறவர்களிடம் அந்தத் தூரத்துக் கெப்பாசிட்டரைக் காட்டு.

விதியைக் கண்டு நடுங்குகிறவர்களுக்கு லின் கான்வேயைத் தெரிந்திருக்க வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தில், கணினி ஒரே நேரத்தில் பல கட்டளைகளை வரிசை மாற்றிச் செயல்படுத்தும் வழியைக் கண்டறிந்த இளம் பொறியாளர் அவர். அவர் ஒரு திருநங்கை என்பதும் பெண்ணாக வாழ சிகிச்சை பெறவிருக்கிறார் என்பதும் தெரியவந்ததும் 1968-ல் நிறுவனம் அவரை வேலையைவிட்டு நீக்கியது. செய்த சாதனையைத் தன் பெயரில் சொல்லிக்கொள்ளக்கூட முடியாத நிலை. புதிய பெயரில், அடிமட்டத்திலிருந்து, ஒப்பந்த புரோகிராமராகத் தொடங்கினார். பழைய வாழ்க்கையைப் பற்றி மூச்சுவிடாமல் மேலே ஏறி, 1973-ல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்துக்கு வந்தார்.

அந்தக் காலத்தில் சிப் வடிவமைப்பு விதிகள் தடித் தடிப் புத்தகங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி, தொழிற்சாலை முறை மாறினால் எல்லாம் மாறும், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே புரியும். கான்வே, கால்டெக் பேராசிரியர் கார்வர் மீடுடன் சேர்ந்து அதைப் பிடித்து உலுக்கினார். மி.மீ., மைக்ரான் எல்லாம் ஒதுக்கிவிட்டு, லாம்டா என்று ஒரே ஒரு அலகு. கோட்டின் அகலம் இத்தனை லாம்டா, இடைவெளி இத்தனை லாம்டா. தொழிற்சாலை நுணுக்கம் கூடினால் லாம்டாவின் மதிப்பை மட்டும் குறைத்தால் போதும், விதி அப்படியே நிற்கும். சில பக்கங்களில் அடங்கிவிட்டது எல்லாம்! 1978-ல் எம்.ஐ.டி.யில் அவர் இதை வைத்துப் பாடம் நடத்தினார். மாணவர்கள் தாங்களே சிப் வரைந்து, அது தயாராகி வந்ததைக் கையில் வாங்கினார்கள். 1980-ல் இருவரும் எழுதிய பாடநூல் உலகமெங்கும் பரவியது. ஐ.பி.எம். அவரிடம் மன்னிப்புக் கேட்டது 2020-ல். ஐம்பத்திரண்டு ஆண்டு! அதற்காக அவர் காத்துக்கொண்டு உட்காரவில்லை. 2024-ல், 86 வயதில் மறைந்தார்.

நீக்கப்பட்ட ஒருவர், ஒரு துறை முழுவதற்கும் விதி எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உனக்கு ஆயத்தமாக எழுதி வைத்த விதியைப் படிக்கக் கசக்கிறதா?

"மென்பொருள் விலை லட்சக்கணக்கில், நாங்கள் எங்கே போவோம்?" இந்தச் சாக்கும் செத்துவிட்டது. 1992-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ழான் பியேர் ஷாரா என்ற ஆசிரியர் தொடங்கிய கீகேட், இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் முழுமையான கருவி. துகள்களை மோதவிட்டு அண்டத்தை ஆராயும் செர்ன் ஆய்வகமே தன் பொறியாளர்களை விட்டு அதை வளர்த்தது. ஒரு டிராக்கை இழுக்கும்போது வழியில் உள்ள மற்ற டிராக்குகள் விதி மீறாமல் தாமாக ஒதுங்கி வழிவிடுகின்றனவே, அந்த வசதி செர்னின் கைவண்ணம். ஜெனிவாவில் உட்கார்ந்திருப்பவர் ஓட்டும் அதே டி.ஆர்.சி.தான் உன் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. மெதுவாக ஓடலாம். ஓடட்டும், ஒரு டீ குடித்துவிட்டு வா!

அடுத்த படி என்ன தெரியுமா? விதியை நீயே எழுதுவது. 2021 டிசம்பரில் வந்த கீகேட் 6-லிருந்து சொந்த விதிகளை ஒரு சிறிய உரைக் கோப்பாக எழுதலாம். உன் போர்டில் 230 வோல்ட் ஓடும் நெட்களுக்கெல்லாம் ஒரு தனி நெட்கிளாஸ் வை. "இந்த வகுப்பைச் சேர்ந்த எதற்கும் மற்ற எதற்கும் நடுவே இத்தனை மில்லிமீட்டர்" என்று இரண்டே வரியில் எழுது. அந்த எண்ணை எந்த அட்டவணையிலிருந்து எடுத்தாய் என்று பக்கத்திலேயே குறிப்பு போடு. உண்மையிலேயே விலக்க வேண்டிய அம்பு ஒன்று இருந்தால் விலக்கு, ஆனால் ஏன் விலக்கினாய் என்று ஒரு வரி எழுதி வை. நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் சீனியர் ஒருவர் "இங்க ஏன் 2.5?" என்று கேட்பார். நிமிர்ந்து நின்று பதில் சொல்வாய். அப்போது உன் ரெஸ்யூமேயை யாரும் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எனவே இன்றைக்கே உட்கார். ஃபேபின் திறன் பட்டியலை ஒரு பக்கம் திற, போர்டின் அமைப்புப் பக்கத்தை மறுபக்கம் திற. எண்களை அங்கிருந்து இங்கே ஒவ்வொன்றாக ஏற்று. செக்கை ஓட்டு, திருத்து, மறுபடி ஓட்டு. பட்டியல் காலியானதும் கெப்பாசிட்டர், கிரிஸ்டல், கனெக்டர் என்று இயந்திரம் பார்க்காதவற்றை உன் கண்ணால் ஒரு சுற்று பார். பிறகு போர்டை ஒன்றுக்கு ஒன்று அளவில் ஒரு தாளில் பிரின்ட் எடு. உண்மையான சிப்பையும் சாக்கெட்டையும் அந்தத் தாளின் மேல் வைத்துக் கால்கள் பேடில் சரியாக உட்காருகின்றனவா என்று குனிந்து பார். கேபிளை எடுத்து அதன் வாயருகே நீட்டிப் பார், விரல் இடிக்கிறதா? கெர்பர் கோப்புகளை எடுத்த பிறகு, வரைந்த மென்பொருளை நம்பாமல் தனி வியூவரில் திறந்து, ஒவ்வொரு அடுக்காக அணைத்து ஏற்றிப் பார். சரியாக இருக்கிறதா? ஆர்டர் போடு. ஐந்து போர்டு போதும்.